காட்டுத்தீ வெளியேற்றம் (ஆஸ்திரேலியா)

காட்டுத்தீ நெருங்குமுன் குடியிருப்பை விட்டு விலகும் பாதுகாப்பு முறை. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் 173 பேரைப் பலிகொண்ட 'கருப்புச் சனி' தீக்குப் பின், சீக்கிரம் வெளியேறுவதே முதன்மை அறிவுரையானது. 2022 முதல் நாடெங்கும் நான்கு அபாய நிலைகள் உள்ளன. உச்ச நிலையான 'பேரழிவு' அறிவிக்கப்பட்டால், தீ கண்ணில் படாவிட்டாலும் கிளம்பிவிட வேண்டும்.

கடைசி நேரப் பயணமே மிகக் கொடியது. புகை சாலையை மறைக்கும். மரங்கள் குறுக்கே சாயும். சுவாலை தொடுமுன்பே வெப்பக் கதிர்வீச்சு கொல்லும் என்பதால் உடல் முழுவதையும் மூடும் பருத்தி அல்லது கம்பளி உடை அவசியம். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். மேட்டுச்சரிவில் ஒவ்வொரு 10 பாகைக்கும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 2019 டிசம்பர் 31 அன்று விக்டோரியாவின் கடலோர ஊரான மல்லக்கூட்டாவில் தீயால் சாலை துண்டிக்கப்பட, ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் ஒதுங்கினர். சில நாட்களில் கடற்படைக் கப்பல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மீட்டது.