காடுகளுக்காக வாதாடிய வழக்கறிஞர்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து அரசியலுக்கு வந்தவர் என்றால், ஆபிரகாம் லிங்கன்தான் உங்கள் நினைவுக்கு வருவார். 1861-இல் லிங்கன் இத்தாலிக்குத் தூதராக அனுப்பியவரும் அத்தகையவரே. அவர் பெயர் ஜார்ஜ் பெர்க்கின்ஸ் மார்ஷ்.

1801-இல் வெர்மான்ட் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஓயாது படித்ததால் கண் கெட்டு, சில ஆண்டுகள் புத்தகத்தைத் தொடமுடியாமற் போயிற்று. அப்போது அவர் படித்ததெல்லாம் ஊரைச் சுற்றியிருந்த மலையையும் ஆற்றையும்தான்.

வழக்கறிஞர் தொழிலில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஆடு வளர்த்தார், கம்பளி ஆலையில் பணம் போட்டார், மரம் விற்றார். கண்டது பெரும்பாலும் நட்டமே. ஆனால் மலைச்சரிவில் மரத்தை வெட்டி ஆடுகளை மேயவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் அங்கேதான் கற்றார். காட்டுத் தரையிலுள்ள மக்கிய இலைகள் மழைநீரையும் உருகும் பனிநீரையும் பஞ்சுபோல் உறிஞ்சி, மெல்ல மெல்ல வெளிவிடுகின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மரம் போய்விட்டால்? நீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஒரேயடியாக இறங்குகிறது. வசந்தத்தில் வெள்ளம், கோடையில் வறண்ட ஆறு. காங்கிரஸ் உறுப்பினராயிருந்த மார்ஷ், 1847-இல் ரட்லண்ட் வட்டார உழவர்களிடம் காடழிவின் கேட்டைப் பற்றிப் பேசினார். தாமும் மரம் விற்றவர் அல்லவா, குற்றவாளிக் கூண்டில் தமக்கும் இடம் உண்டென்று அவர் அறிந்திருக்க வேண்டும்.

பின்னர் துருக்கியிலும் இத்தாலியிலும் தூதராக இருந்தபோது, பழைய ரோமப் பேரரசில் செழித்திருந்த நிலங்கள் பொட்டலாய்க் கிடப்பதைக் கண்டார். 1864-இல் அவருடைய ‘மனிதனும் இயற்கையும்’ வெளிவந்தது. பூமியே மனிதனை உருவாக்குகிறது என்று புவியியலார் பலர் எழுதிவந்த காலம் அது. மனிதனே பூமியை மாற்றுகிறான், அறியாமலே கெடுக்கவும் செய்கிறான் என்று மார்ஷ் சான்றுகளை அடுக்கினார். காடு மழையைப் பெருக்குமா என்ற கேள்விக்கு மட்டும் அவர் துணிந்து தீர்ப்புக் கூறவில்லை. கிடைத்த சான்று அவருக்குப் போதவில்லை. (அமெரிக்காவில் ஒட்டகம் வளர்க்கலாம் என்று 1856-இல் ஒரு நூல் எழுதியவரும் இவரே. அது பலிக்கவில்லை!)

சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக இருந்த ஹியூ கிளெக்ஹார்ன், மார்ஷின் நூலை இமயச் சரிவுகளுக்கும் காஷ்மீருக்கும் திபெத்துக்கும் உடன் எடுத்துச் சென்றதாக அவருக்கே எழுதினார். 1885-இல் நியூயார்க் மாநிலம் அடிரோண்டாக் காடுகளைப் பாதுகாக்கச் சட்டம் செய்தது. அதைக் காண மார்ஷ் இல்லை. 21 ஆண்டுகள் இத்தாலியில் தூதராக இருந்த அவர், 1882 ஜூலையில் வல்லொம்ப்ரோசா என்ற மலையூரில் காலமானார். இத்தாலியின் வனவியல் பள்ளி அவ்வூரில்தான் இருந்தது.