ஊமை மணி முதல் இரும்புக் குழாய் வரை

எடு என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் எடை. எடுக்கப்படுவது எதுவோ அதுவே எடை. தூக்கு என்னும் சொல் இன்னும் சுவையானது. உயர்த்துவதையும் அது குறிக்கும், நிறுப்பதையும் குறிக்கும். தொல்காப்பியச் செய்யுளியல் அதைச் செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாகவும் எண்ணுகிறது. தராசின் முள்ளைப் பார்க்கும் முன்பே கனம் என்பதைக் கை அறிந்திருந்தது என்பதற்கு இச்சொற்களே சான்று.

வீட்டில் இருந்தபடியே செய்யும் உடற்பயிற்சிக் காணொளிகளைப் பார்க்கையில் இந்தச் சொற்கள் நினைவுக்கு வருகின்றன. திரையில் தோன்றும் பயிற்றுநர் ஒரு தண்டைக் கையிலெடுக்கிறார். ஏறக்குறைய நான்கடி நீளம். மேலே ரப்பர் உறை. எடை முனைகளில் குவியாமல் நெடுகச் சீராகப் பரவியிருக்கும். அதைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுகிறார், குனிந்து இடுப்பை நோக்கி இழுக்கிறார், தலைக்குமேல் உயர்த்துகிறார். பார்ப்பவர் வீட்டில் அந்தத் தண்டு இல்லை. துடைப்பக் கம்பு போதுமா, குழாய்த் துண்டு ஆகுமா, தண்ணீர் நிரப்பிய புட்டிகள் ஆகுமா என்று அவர் தேடத் தொடங்குகிறார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பயிற்சிக்கூடங்கள் மூடப்பட்டு, பல நாடுகளில் பளுக்கருவிகள் கடைகளில் தீர்ந்துபோனபோது, இந்தத் தேடல் உலகப் பொதுவாயிற்று.

கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பது மதிப்புக் குறைவு என்று பலரும் எண்ணுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இன்று ‘அசல்’ என்று விலை கொடுத்து வாங்கும் கருவிகளில் பலவும் ஒரு காலத்தில் வேறொன்றுக்கு மாற்றாக வந்தவை.

டம்பெல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் அது ‘ஊமை மணி’. தேவாலயக் கோபுரத்தில் பெரிய மணிகளைக் கயிறு பற்றி இழுத்து அடிப்பது இங்கிலாந்தில் நல்ல தேகப்பயிற்சியாகக் கருதப்பட்டது. அந்த இழுப்பு மட்டும் வேண்டும், ஊரை எழுப்பும் ஓசை வேண்டாம் என்று எண்ணியவர்கள், மணியில்லாமல் கயிறும் பளுவும் கொண்ட ஒரு பொறியை அறைக்குள் அமைத்துக்கொண்டார்கள். ஜோசப் அடிசன் 1711ஆம் ஆண்டு ஜூலையில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் எழுதிய கட்டுரையில், தாம் காலைதோறும் இந்த ஊமை மணியை இழுப்பதையும், வீட்டுக்கார அம்மையாரும் அவர் மகள்களும் அந்நேரத்தில் தம்மைத் தொந்தரவு செய்வதில்லை என்பதையும் குறிப்பிடுகிறார். இளமையில் பழகிய இன்னொரு பயிற்சியையும் அதே கட்டுரையில் சொல்கிறார். இரு முனைகளிலும் ஈயம் பொதிந்த குறுந்தடிகளை இரு கைகளிலும் பற்றி, எதிராளியே இல்லாமல் தன் நிழலோடு சண்டையிடுவது அது. இலத்தீன் நூலொன்றிலிருந்து அதைக் கற்றாராம். வாடகை அறை, அண்டை அயலாருக்குத் தொல்லை தராத கருவி, கையில் எடை கூட்டிய தடி: வீட்டுப் பயிற்சியின் எல்லா அம்சங்களும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருக்கின்றன. பிற்காலத்தில் கயிறும் பொறியும் போய்விட்டன. பெயர் மட்டும் கையில் பிடிக்கும் குண்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

நம் கர்லாக்கட்டையின் பயணம் இதைவிட நீளமானது. பிடி மெலிந்து அடி பருத்த அந்த மரக்கட்டை மல்லர்களின் கருவி. சில கிலோவில் தொடங்கிப் பத்துக் கிலோவுக்கு மேலும் இருக்கும். கனம் கையைவிட்டுத் தொலைவில், பருத்த அடியில் இருப்பதால், தோளைச் சுற்றிச் சுழற்றும்போது தராசு காட்டும் எடையைவிட அது அதிகமாக இழுக்கும். இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர் இதைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார்கள். டொனால்ட் வாக்கர் 1834இல் வெளியிட்ட ஆண்களுக்கான உடற்பயிற்சி நூலில் ‘இந்தியன் கிளப்’ இடம்பெற்றது. அமெரிக்காவில் சிம் கீஹோ 1866இல் இதற்கென்றே தனி நூல் எழுதினார். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் ஒரு பந்தயமாகவே நடந்தது. ஆனால் பயணத்தில் கட்டை இளைத்துக்கொண்டே வந்தது. ஓரிரு இராத்தல் எடையுள்ள கட்டைகளே அங்கே பரவலாயின. இன்று தாளலயச் சீருடற்பயிற்சியில் பெண்கள் வீசிப் பிடிக்கும் கட்டைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச எடை 150 கிராம். வடிவம் எஞ்சியது, கனம் போயிற்று. கனம் போனதும் பயிற்சியின் நோக்கமும் வலிமையிலிருந்து லாவகத்துக்கு மாறிவிட்டது.

எடை குறைவதை வீழ்ச்சி என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. பாஸ்டனில் டயோ லூயிஸ் 1860களில் இரும்புக் குண்டுகளுக்கு மாற்றாக மர டம்பெல், மரக்கோல், மர வளையம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பயிற்சிமுறையை வகுத்தார். 1862இல் வந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். பளு குறைந்ததால் கூடத்தின் கதவு அகலமாயிற்று. காணொளிப் பயிற்றுநரின் கையிலிருக்கும் தண்டுக்கு மூதாதை என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் லூயிஸின் மரக்கோலைச் சுட்டலாம். நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் மாணவர்கள் வரிசையாக நின்று தட்டி ஓசையெழுப்பிய சிறு மர டம்பெல்களும் அந்தக் குடும்பத்து உறவுகளே. ஊமை மணி அங்கே பேசக் கற்றுக்கொண்டது!

கனத்தின் வழியில் சென்றவர்கள் வேறொரு சிக்கலைத் தீர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பார்பெல்லில் இரு முனையிலும் உருண்டைகள் இருந்தன. சிலவற்றில் உருண்டை உள்ளீடற்றது. மணலோ ஈயக் குண்டுகளோ இட்டு எடையைக் கூட்டிக் குறைக்கலாம். ஆலன் கால்வர்ட் 1902இல் பிலடெல்பியாவில் தொடங்கிய மைலோ நிறுவனம், எடையை மாற்றத்தக்க பார்பெல்லை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. கழற்றி மாட்டும் தட்டுகள் பின்னர் வழக்கமாயின. இன்றைய போட்டித் தண்டு ஆண்களுக்கு 20 கிலோ, பிடி 28 மில்லிமீட்டர். பெண்களுக்கு 15 கிலோ, பிடி 25 மில்லிமீட்டர். எடையைப் போலவே பிடியின் பருமனும் விதியாக எழுதப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. 1982இல் ஜேன் ஃபோண்டாவின் ஒளிநாடா பயிற்சிக்கூடத்தை வரவேற்பறைக்குக் கொண்டுவந்த பிறகு, பலமுறை தூக்கத்தக்க இலகுவான தண்டுக்குத் தேவை பெருகியது. ஒரு நூற்றாண்டு கழித்து லூயிஸின் கோல் இரும்பை அணிந்துகொண்டு திரும்பிவந்தது எனலாம்.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு மாற்றுத் தண்டைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் கிடைக்கின்றன: எவ்வளவு கனம், கனம் எங்கே இருக்கிறது, கை எதைப் பற்றுகிறது. பெரும்பாலோர் முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

கனத்துக்குக் கணக்கு எளிது. கட்டட வேலை மேற்பார்வையாளர்களுக்கு மனப்பாடமான சூத்திரம் ஒன்றுண்டு: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 25 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 3.86 கிலோ, நான்கடித் துண்டு நாலரைக் கிலோவைத் தாண்டும். முறுக்குக் கம்பியின் வரிகள் உள்ளங்கையைக் கிழிக்கும் என்பதால் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக்கொள்வது நல்லது. நடுத்தரக் கனமுள்ள ஒரு அங்குல ஜி.ஐ. தண்ணீர்க் குழாய் நான்கடிக்கு ஏறக்குறைய மூன்று கிலோ. உலர்ந்த மணலை இறுக நிரப்பி இருபுறமும் திருகுமூடி போட்டால் இன்னொரு கிலோ கூடும். ஆனால் ஒரு அங்குலம் என்பது உள்விட்டத்தைச் சுட்டும் பெயர். வெளிவிட்டம் 33 மில்லிமீட்டருக்கு மேல். சிறிய கை விரைவில் சோரும். அத்தகையோருக்கு முக்கால் அங்குலக் குழாயே பொருத்தம். அதன் வெளிவிட்டம் 27 மில்லிமீட்டர் அளவில் நிற்கிறது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

கவனம் மிகத் தேவைப்படுவது இரண்டாம் கேள்வியில். கம்பின் இரு முனைகளிலும் தண்ணீர்க் கேன்களைக் கட்டித் தூக்குபவர்கள், தராசில் எடை சரியாக இருந்தால் தண்டும் சரியாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். சீராகப் பரவிய எடை முழுவதையும் இரு முனைகளுக்கு நகர்த்தினால், தண்டைச் சுழற்றுவதற்கும் சுழல்வதை நிறுத்துவதற்கும் வேண்டிய முயற்சி மூன்று மடங்காகிறது. கர்லாக்கட்டை மல்லனின் தோளுக்குக் கற்பித்த அதே பாடம்தான். பயிற்றுநர் தண்டைத் தோளில் வைத்து இடுப்பைத் திருப்பும்போது நாமும் கேன் கட்டிய கம்போடு திரும்பினால், நிறுத்தும் வேலை முதுகெலும்பின் மேல் விழும். கேன் அரைகுறையாக நிரம்பியிருந்தால் உள்ளே அலையும் தண்ணீர் அதை இன்னும் கெடுக்கும். கேன்களைத் தளும்பாதபடி முழுதும் நிரப்பிக் கைக்கொன்றாகத் தூக்கலாம், கம்பில் கட்டவேண்டாம். திருப்பும் பயிற்சிகளுக்கு வெறும் கம்பே போதும்.

மூன்றாம் கேள்விக்குத் தென்மாவட்டச் சிற்றூர்களின் இளவட்டக்கல்லே விடை சொல்லும். வழுவழுப்பான உருண்டைக் கல். பிடிக்க ஓர் இடம் கிடையாது. அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னே எறிபவனுக்கே பெண் என்பது பழைய வழக்கு. பிடியைப் பறிப்பதுதான் அந்தச் சோதனையின் சாரம். நாம் செய்வது சோதனையன்று, நாள்தோறும் தொடரவேண்டிய பயிற்சி. ஆகவே இங்கே பிடி உறுதியாக இருக்கவேண்டும்.

அடிசனின் பொறி மணியின் ஓசையை விட்டுவிட்டு இழுப்பைக் காத்தது. லூயிஸின் கோல் கனத்தை விட்டுவிட்டு அசைவைக் காத்தது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்து செய்த மாற்றுகள் அவை. சீர்தூக்கிப் பார்ப்பது என்று தமிழில் இதைத்தான் சொல்கிறோம். குழாய்க் கடையில் நான்கடித் துண்டு வெட்டித் தரச் சொல்லி, வாங்கும் முன் நடுவில் பற்றி ஒருமுறை உயர்த்தி, ஒருமுறை திருப்பிப் பார்ப்பவர் இரு பொருளிலும் அதைத் தூக்குகிறார்.