சிட்னி ஆபரா மாளிகை: கூரையும் அரங்கும்

சிட்னித் துறைமுகத்தின் பென்னலாங் முனையில் நிற்கும் ஆபரா மாளிகையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் கூரையைப் பற்றியே எழுதுவர். அதற்குக் காரணம் உண்டு. டென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957-இல் போட்டியில் வென்றபோது, அவர்தம் வரைபடங்களில் கூரையின் வடிவம் இருந்ததேயன்றி அதனைக் கட்டும் வழி காணப்படவில்லை. எனினும் 1959 மார்ச்சில் அடித்தளப் பணி தொடங்கப்பெற்றது. பின்னர்த் தூண்கள் கூரையின் எடையைத் தாங்கமாட்டா எனக் கண்டு அவற்றை மாற்றிக் கட்ட நேர்ந்தது. 1961-இல்தான் வழி பிறந்தது. கூடுகள் அனைத்தையும் சுமார் 75 மீட்டர் ஆரமுடைய ஒரே கோளத்தின் பகுதிகளாகக் கொள்வதே அவ்வழி. வளைவு எங்கும் ஒன்றாயினமையின் கற்காரை விலாக்களை முன்னரே வார்த்துக்கொள்ளவும், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஓடுகளைத் தரையிலேயே பலகங்களாக இணைத்து மேலேற்றவும் இயன்றது. இவ்வழியைக் கண்டதில் பொறியாளர் ஓவ் அரூப்பின் குழுவினர்க்கு எத்துணைப் பங்கு உண்டு என்னும் வழக்கு ஈண்டு வேண்டுவதன்று.

நாம் ஆராயப் புகுவது உள்ளிருக்கும் அரங்கு. போட்டிக் குறிப்பு, மூவாயிரவர்க்குக் குறையாமல் அமரும் பெரிய அரங்கொன்று சிம்பொனி இசைக்கும் ஆபரா எனப்படும் இசைநாடகத்துக்கும் ஒருங்கே பயன்படல் வேண்டும் என்றது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணானவை. முன்னதற்கு ஒலி சற்றே நீடித்துக் கலத்தல் வேண்டும். பின்னதற்குப் பாடுவோரின் சொல் விளங்குதற்பொருட்டு விரைந்து அடங்குதல் வேண்டும். இசைநாடகத்துக்குக் காட்சித் திரைகளை ஏற்ற மேடையின்மேல் உயரமும், அவற்றை ஒதுக்கப் பக்கங்களில் இடமும் இன்றியமையாதன. ஒடுங்கிய முனையில் இரண்டு அரங்குகளை அருகருகே அமைத்தமையால் பக்கத்து இடம் குன்றியது. காட்சிகளைக் கீழிருந்து உயர்த்தும் பொறிகளால் அக்குறையை நிரப்ப உட்சன் எண்ணினார்.

1965-இல் ஆட்சி மாறியது. கட்டணம், உள்வேலை ஆகியவை பற்றிய பூசலின் முடிவில் 1966 பிப்ரவரியில் உட்சன் விலகினார். உள்ளமைப்பு பீட்டர் ஹாலிடம் சேர்ந்தது. பெரிய அரங்கு சிம்பொனிக்கே உரியதாதல் வேண்டும் என ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனம் வலியுறுத்த, அவ்வாறே முடிவாயிற்று. பொருத்திய மேடைப் பொறிகளும் அகற்றப்பட்டன. மாளிகைக்குப் பெயர் தந்த இசைநாடகம் சுமார் 1,500 இருக்கைகளையுடைய சிறிய அரங்குக்குப் பெயர்ந்தது. அவ்வரங்கில் இசைக்குழுவினர்க்குரிய குழி மிகக் குறுகியது.

இம்மாற்றத்துக்கு ஹாலைப் பழிப்பாரும், உட்சன் நிலைத்திருந்தால் எல்லாம் நேராகியிருக்கும் என்பாரும் உளர். எம் கருத்து வேறு. குறை போட்டிக் குறிப்பிலேயே விதைக்கப்பட்டது. ஹால் செய்தது முரணின் ஒரு பக்கத்தைத் துணிந்து விட்டதே. அதற்காக அவர் பெற்ற வசை சிறிதன்று. பெற்ற நன்றியோ மிகச் சிறிது.

1973 செப்டம்பரில் புரோக்கோஃபியெவின் ‘போரும் அமைதியும்’ சிறிய அரங்கிலேயே ஆடப்பெற்றது. முறையான திறப்பு அக்டோபர் 20-இல் நடந்தது. எழுபது இலட்சம் டாலர் என மதிப்பிட்ட பணி பத்துக் கோடியே இருபது இலட்சத்தில் முடிந்தது. சிம்பொனிக்கென ஒதுக்கிய பெரிய அரங்கின் ஒலியமைப்பும் நிறைவு தரவில்லை. மேடைக்கு மேல் தொங்கிய வளையங்களை நீக்கி, இதழ் வடிவப் பலகைகளை அமைத்து, 2022-இல்தான் அதனைச் செம்மை செய்து மீளத் திறந்தனர்.