சப்தர்ஜங்கில் ஏறிய சிவப்பு விமானம்

1977 தேர்தல் தோல்வியோடு சஞ்சய் காந்தியின் கதை முடிந்தது என்று எழுதியவர்கள், மூன்றே வருடத்தில் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. 1980 ஜனவரியில் அவர் அமேதி எம்.பி. ஆனார். பிரதமர் இந்திராவின் அறைக்குள் போக வேண்டுமென்றால் முதலில் மகனைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய டெல்லியின் நிலவரம்.

அவருக்கு விமானப் பித்து. சப்தர்ஜங்கில் இருந்த டெல்லி பறக்கும் கிளப்புக்கு அந்தக் கோடையில் ‘பிட்ஸ் எஸ்-2ஏ’ என்ற சிவப்பு விமானம் வந்து சேர்ந்தது. இரண்டே இருக்கை; மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. அமெரிக்கரான கர்ட்டிஸ் பிட்ஸின் வடிவமைப்பு. ஊர் போய்ச் சேர்வதற்கான விமானமல்ல; வானத்தில் வித்தை காட்டுவதற்கென்றே செய்தது.

வித்தைக்கு உயரம் வேண்டும். குட்டிக்கரணம் போடும் விமானம் வட்டத்தின் பின்பாதியில் மூக்கைத் தரைக்கு நேராக வைத்துப் பாயும். அதை நிமிர்த்துவதற்குள் சில நூறு அடி கரைந்துவிடும். அந்த அடிகள் கையிருப்பில் இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட விமானியாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஊருக்கு மேலே இந்த வேலை கூடாது என்று விதி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

விதியைச் சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. சிவில் விமானத் துறையின் தலைமை இயக்குநர் ஏர் மார்ஷல் ஜாபர் ஜாகீர், சஞ்சய் பாதுகாப்பு விதிகளை மீறுவதாக மேலிடத்துக்கு எழுதினார். கடிதத்துக்குக் கிடைத்த பலன், அவரையே விடுப்பில் போகச் சொன்னது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு எந்த அதிகாரி வாய் திறப்பார்? விபத்தின் முதல் காரணத்தை நான் அந்த விடுப்பில்தான் தேடுவேன்.

வீட்டுக்குள்ளும் பயம் இருந்தது. மனைவி மேனகாவையும் அந்தச் சிவப்பு விமானத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார் சஞ்சய். இறங்கிய மேனகா, இவரை இந்த விமானத்தில் போகவிடாதீர்கள் என்று மாமியாரிடம் கெஞ்சியதாக இந்திராவின் வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது.

ஜூன் 23, திங்கட்கிழமை. காலை எட்டு மணிவாக்கில் சஞ்சய் கிளம்பினார். உடன் வருவதாக இருந்தவர் மாதவராவ் சிந்தியா என்பார்கள். (அவரும் 2001இல் சிறு விமான விபத்தில்தான் போனார்.) கடைசியில் ஏறியவர் கிளப்பின் அனுபவசாலி, கேப்டன் சுபாஷ் சக்சேனா. வீடுகளும் தூதரகங்களும் நிறைந்த பகுதிக்கு மேலே, தாழ்வாகவே கரணங்கள் நடந்தன. அப்படி ஒன்றிலிருந்து விமானம் மீளவில்லை. வில்லிங்டன் கிரசென்ட் அருகே மரங்களுக்கு இடையில் விழுந்து நொறுங்கியது. இருவரும் பிழைக்கவில்லை. சஞ்சய்க்கு வயது 33.

செய்தி கேட்டு இந்திரா அந்த இடத்துக்கே ஓடிவந்தார். நீதிபதி எம்.எல். ஜெயின் விசாரிப்பார் என்று அரசு அறிவித்தது. பிறகு அதைக் கைவிட்டுத் துறை விசாரணையோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த வருடம் அமேதி இடைத்தேர்தலில் நின்றவர், இந்தியன் ஏர்லைன்ஸில் சம்பளத்துக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன்.

(தொடரும்)