‘குழந்தைப் பருவத்து’ என்னும் அடைமொழி: மாத்திரையை எப்போது நிறுத்துவது?

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாற்றுக்கு எந்த வயதில் மருந்து தொடங்குவது, எத்தனை ஆண்டுகள் தொடர்வது? இவ்விரண்டையும் ஆய்வுக்கூடம் மட்டுமே தீர்மானித்ததில்லை. ஓர் அடைமொழிக்கும் அதில் பங்குண்டு.

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மருத்துவர் சார்லஸ் பிராட்லி, தம் மருத்துவ இல்லத்தில் தங்கியிருந்த 30 சிறாருக்கு ஒரு வார காலம் பென்செட்ரின் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் 5 முதல் 14 வயதினர். அவர்களுள் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். மருந்து தொடங்கிய நாளிலேயே தோன்றிய மாற்றம், நிறுத்திய நாளிலேயே மறைந்தது. இம்மருந்து நோயைத் தீர்ப்பதன்று, உட்கொள்ளும் வரை துணைநிற்பது என்பது அன்றே தெளிவாகியிருந்தது. பின்வந்தோர் இக்குறிப்புக்கு உரிய மதிப்பைத் தரவில்லை என்பேன்.

1968-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதற்குக் ‘குழந்தைப் பருவத்து மிகைஇயக்க எதிர்வினை’ என்று பெயரிட்டது. அடைப்புக்குறிக்குள் வளரிளம் பருவமும் இடம்பெற்றது. முதிர்ந்தோர் பெயரிலேயே இல்லை. வளரிளம் பருவத்தில் இக்குறை பெரும்பாலும் தணியும் என விளக்கமும் கூறிற்று. பெயரே கெடு விதித்தபின், பருவம் எய்தியதும் மாத்திரையை நிறுத்துவது இயல்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஊக்க மருந்து இச்சிறாரை மட்டுமே முரணாக அமைதிப்படுத்துகிறது என்ற நம்பிக்கையும் இதற்குத் துணைநின்றது. 1978-இல் ஜூடித் ராப்பபோர்ட் குழுவினர், குறைபாடற்ற சிறுவரிடமும் அதே விளைவைக் கண்டு அந்நம்பிக்கையை அசைத்தனர்.

தொடக்க வயதின் கதை வேறு. 2006-இல் வெளியான ஆய்வொன்றில், பள்ளி செல்லும் முன்பருவத்தினருக்கு மெத்தில்ஃபெனிடேட் பயன் தந்தது. ஆனால் மூத்த சிறாரிடம் கண்டதைவிடப் பயன் குறைவு, பக்கவிளைவு மிகுதி. காலஅளவிலோ இன்னும் தெளிவில்லை. 579 சிறாரைக் கொண்ட எம்டிஏ ஆய்வில் 14 மாதங்களில் மருந்து முந்தியது. மூன்றாம் ஆண்டில் சிகிச்சைக் குழுக்களிடையே வேறுபாடு மறைந்திருந்தது. எனினும் அதற்குள் பலர் சிகிச்சையை மாற்றிக்கொண்டிருந்தனர். ஆகவே ‘மருந்து பயனற்றது’ என அதைப் படிப்பது அவசரம்.

நான் வாழும் ஹைதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனத்தைச் சுற்றிய மென்பொருள் பயிற்சிக் கூடங்களில் இருபது வயது கடந்தோர் நாள் முழுதும் அமர்ந்து பயில்கின்றனர். இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ளது; மருத்துவர் சீட்டின்றிக் கிட்டாது. பள்ளியில் மருந்துண்டு, பெற்றோர் நிறுத்தச் சொன்னதால் நிறுத்தியவர் ஒருவர் விடுதிக்கு வந்தபின் மீண்டும் தொடங்க நினைத்தால், தம் சிக்கல் குழந்தை நோயன்று என்பதையே முதலில் வீட்டாருக்கு விளக்க வேண்டியிருக்கும்.