பிறில் தைத்தவர்கள்

கம்பஸ் நாடக விழாவுக்கு பொமார்ஷேயின் 'செவில் நகர நாவிதன்' நாடகத்தைத் தமிழில் போடுவம் எண்டு முடிவானபோது, உடுப்புப் பொறுப்பு எங்கள் நாலு பேரின் தலையில் விழுந்தது. நாடகம் 1775இல் பாரிஸில் முதன்முதலாக மேடையேறியது. கதை ஸ்பெயினில் நடந்தாலும் நாயகி றொசீனுக்கு அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கவுன்தான் எண்டு தீர்மானித்தோம். பழைய திரைச்சீலையை வெட்டிக் கவுனைத் தைக்க இரண்டு நாள் போனது. அதில் வைக்கிற பிறிலுக்கு ஒன்பது நாள்.

முன்மாதிரியாக எடுத்தது பூஷே 1756இல் வரைந்த மதாம் பொம்பதூரின் ஓவியம். பச்சைப் பட்டுக் கவுன், கையில் புத்தகம். கவுன் முழுக்கச் சுருக்குப் பட்டிகள், றிபன் முடிச்சுகள், துணிப் பூக்கள். போனில் பெரிதாக்கிப் பார்த்தபோது இது லேசான வேலைதானே எண்டுதான் நினைத்தோம். கணக்குப் போட்டபிறகுதான் தலை சுற்றியது. மடிப்பு மடிப்பாக அடுக்கி ஒரு மீற்றர் பிறில் வேண்டுமெண்டால் மூன்று மீற்றர் பட்டி வேண்டும். அந்தக் காலப் பட்டுத்துணியின் அகலமோ அரை மீற்றர் சொச்சம். பட்டிகளைக் குறுக்கே வெட்டி ஒண்டோடொண்டு பொருத்திக்கொண்டே போகவேண்டும். ஒரு கவுனுக்குள் எத்தனை பொருத்து இருந்திருக்கும்!

முதல் நாள் வெட்டிய பட்டியெல்லாம் அடுத்த நாள் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. தோழி ஒருத்தியின் அம்மம்மா விறாந்தையில் இருந்து பார்த்துவிட்டு, "ஓரத்தை மடிச்சு அடியுங்கோ பிள்ளையள்" எண்டார். மடித்தால் பிறில் தடித்துப் போகுது, விரிந்து நிற்குதில்லை. பாரிஸ்காரர் ஓரத்தை மடிக்கவே இல்லை. வளைந்த பல் வைத்த இரும்பு உளி ஒன்றைத் துணியின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து, ஓரத்தை அலை அலையாக வெட்டினார்கள். நேராக வெட்டினால் ஒரு நூல் முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வரும். அலையாக வெட்டினால் ஒவ்வொரு வளைவிலும் துண்டு நூல்தான் இருக்கும், அதனால் பிரிவது குறையும். அதோடு பட்டுக் கவுனை அவர்கள் தோய்ப்பதில்லை. உள்ளே போடும் லினன் உடுப்புத்தான் தோய்க்கப்பட்டது. எங்களிடம் உளி இல்லை. கத்தரிக்கோலால் ஒவ்வொரு வளைவாக வெட்டி விரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

நாங்கள் பிழையாக நினைத்திருந்த இன்னொன்று தையல். அரச குடும்பத்துக் கவுனெண்டால் கண்ணுக்குத் தெரியாத நுண்தையல் இருக்கும் எண்டுதான் எல்லாரும் நினைப்பம். உண்மையில் கவுன்களில் பல தையல்கள் நீளமானவை, பிறிலைத் தொட்டுப் பிடிக்கிற தையல் இன்னும் தளர்வானது. துணிதான் விலை கூடின பொருள். நாளைக்குப் பிரித்து வேறு மாதிரித் தைக்கலாம், பிறிலைக் கழற்றி வேறு கவுனில் வைக்கலாம் எண்டு நினைத்தே தைத்தார்கள்.

இதையெல்லாம் தைத்தவர்கள் ஆர் எண்டு தேடியபோதுதான் விசயம் சுவாரசியமானது. அக்காலப் பாரிஸில் நினைத்தவரெல்லாம் நினைத்ததைத் தைக்கமுடியாது, ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் இருந்தது. பெண் தையற்காரருக்கே 1675இல்தான் தனிச் சங்கம் கிடைத்தது. பிறில், றிபன், தலை அலங்காரம் செய்த பெண்களுக்கு அதுவும் இல்லை. பலசரக்கு விற்ற வணிகர் சங்கத்தின் நிழலில், பல இடங்களில் அந்த வணிகரின் மனைவிமாராக, அவர்கள் இருந்தார்கள். அந்தச் சங்கத்தார் பொருளை அலங்கரித்து விற்கலாம், புதிதாக உருவாக்கக் கூடாது. அதாவது கவுனை வெட்டித் தைக்கிறது வேறு ஆட்களின் வேலை. தைத்து வந்த கவுனின் மேலே என்னவும் வைக்கலாம். அந்த "மேலே" எண்ட இடத்தையே அவர்கள் தங்கட தொழிலாக்கிக் கொண்டார்கள். கவுனின் வெட்டு மெதுவாகத்தான் மாறும். மேலே வைக்கிற பிறில் அப்படியில்லை, வேகமாக மாறும். புதுப் பாணி எது எண்டு சொல்கிற இடத்துக்கு அவர்கள் வந்தது அப்படித்தான். 1776இல் சங்கங்கள் கலைக்கப்பட்டு மறுபடி அமைக்கப்பட்டபோது, இறகு வேலை, துணிப்பூ வேலை செய்தவர்களோடு சேர்த்து இவர்களுக்கும் தனிச் சங்கம் கிடைத்தது. அதன் முதல் தலைவி றோஸ் பெர்தான். மரி அந்துவானெத்துக்கு உடுப்பு அலங்காரம் செய்தவர். அவரின் கடைக்குப் பெயர் 'பெரிய மொகல்', எங்கட பக்கத்து முகலாயரேதான்!

பெர்தானைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கினம். 1785இல் அரசியின் உடுப்புச் செலவு ஒதுக்கிய 120,000 லிவ்ரைத் தாண்டி 258,000க்கு மேல் போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. கடையில் இருந்து தைத்த பெண்களைப் பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான். 1780களில் பாரிஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதிய லூயி செபஸ்தியான் மெர்சியே, அவர்கள் வரிசையாக இருந்து தைப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நிண்டு பார்க்கிறார். தெருவில் போகிறவர்கள் அவர்களைப் பார்க்கிறார்கள், அவர்களும் ஊசியோடு தெருவைப் பார்க்கிறார்கள். பெயர் ஒண்டும் இல்லை. எங்களுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வந்தது. ஒரு பட்டியைச் சுருக்க எவ்வளவு நேரம் எண்டு விரலுக்குத் தெரிந்தபிறகு, "அரசியின் கவுன்" எண்ட சொல்லை முந்திமாதிரி வாசிக்க முடியவில்லை.

1783இல் விஜே லெ ப்ரன் வரைந்த ஓவியத்தில் அரசி மெல்லிய மஸ்லின் உடுப்போடு நிற்கிறார். உள்ளுடுப்போடு நிற்பதுபோல இருக்கெண்டு எதிர்ப்புக் கிளம்பி, ஓவியத்தைக் கண்காட்சியில் இருந்து எடுக்கவேண்டி வந்தது. ஆனால் பாணி அந்தப் பக்கம்தான் போனது. 1791இல் சங்கங்களும் ஒழிக்கப்பட்டன.

எங்கட கவுன் மேடையில் நாற்பது நிமிடம் இருந்தது. பின்வரிசைக்குப் பிறில் தெரிந்ததோ தெரியாது. இப்ப அதைப் பிரித்துக்கொண்டு இருக்கிறம், அடுத்த வருசக்காரர் வேறு உடுப்புக்குக் கேட்டிருக்கினம். நூலை இழுத்தபிறகும் திரைச்சீலையில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரியுது. நூதனசாலைகளில் இருக்கிற அந்தக் காலக் கவுன்களிலும் இப்படி ஓட்டைகள் உண்டாம். முந்தி அங்கே வேறு பிறில் இருந்தது எண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.