புயலுக்குப் பிறகு பொதுக் குழாய்க்கு வந்த பணம்



மலருக்கு கஜா புயல் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டபோது ஆளுக்கொரு கதை சொன்னோம். யாருக்கு எத்தனை தென்னை சாய்ந்தது, மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் சேர்த்து 1,100 எப்போது கணக்கில் ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் தெருக் குழாய், கரண்ட் கம்பம், பால்வாடி, ஆஸ்பத்திரி இதெல்லாம் திரும்ப ஓட எந்த விதியில் யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ‘கவர்மெண்டுதான் செஞ்சுது’ என்பதோடு முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பணத்தைவிட இந்தப் பணத்தின் கதைதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்று எனக்குப் படுகிறது. குழாயில் தண்ணி வராவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது நாம்தானே. பயிற்சிகளில் கேட்டதையும், விதிமுறைத் தாளைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அது 1876 முதல் 1878 வரை நடந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான சனங்கள் செத்துப்போனார்கள். வெள்ளைக்கார அரசு அப்போது கொடுத்தது இரண்டுதான். நடக்க முடியாதவர்களுக்குக் கஞ்சித் தொட்டி, நடக்க முடிந்தவர்களுக்குக் கூலி வேலை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் அந்தப் பஞ்ச வேலையில்தான் வெட்டப்பட்டது. பிறகு பக்கிங்ஹாம் கால்வாயோடு சேர்ந்தது. 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்து, அதன்பேரில் பஞ்சச் சட்டத் தொகுப்பு எழுதினார்கள். உயிர் போகாமல் காப்பாற்றுவது என்பதுதான் அதில் முக்கியம். ஊருக்குத் தண்ணி, வைத்தியம், பள்ளிக்கூடம் எல்லாம் பேரிடருக்குப் பிறகு திரும்பக் கிடைக்க வேண்டிய உரிமை என்ற எண்ணம் அப்போது வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் அது சட்டென்று வந்துவிடவில்லை. தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ரயிலோடு சனங்களும் போனார்கள். உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்தார்கள். இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம், பெருமைதான். ஆனால் தனுஷ்கோடி ஊரை மனுசர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டார்கள். போஸ்ட் ஆபீஸ், ஸ்டேஷன், சர்ச் எல்லாம் இடிந்த சுவராகவே நிற்கின்றன. ஆனாலும் மீன்பிடிக் குடும்பங்கள் அங்கேயே குடிசை போட்டு, மணலைத் தோண்டித் தண்ணி எடுத்துக்கொண்டு இருந்தார்கள். அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்தது 2017-ல். பாலத்துக்கு 46 நாள், சாலைக்கு 53 வருஷம். எதைத் திரும்பக் கட்டுவது, எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவில் ஊர்ச்சனங்களின் பேச்சு எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் வெள்ளமோ புயலோ வந்த பிறகுதான் மாநிலம் டெல்லிக்கு எழுதும், குழு வரும், பார்க்கும், போகும். ஒன்பதாவது நிதிக்குழு சொன்னதன்பேரில் 1990-லிருந்து ஒவ்வொரு மாநிலத்துக்கும் பேரிடர் நிவாரண நிதி என்று தனியாக ஏற்பட்டது. மத்திய அரசு முக்கால் பங்கு, மாநிலம் கால் பங்கு. நாம் குழுவில் கஷ்டம் வருவதற்கு முன்னாலேயே வாராவாரம் சேமிப்பு போடுகிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2010-லிருந்து அந்த நிதிக்கு மாநிலப் பேரிடர் மீட்பு நிதி என்று பெயர். அது போதாத பெரிய பேரிடருக்கு டெல்லியில் தேசிய நிதி ஒன்று இருக்கிறது.

சுனாமிக்கு வந்த பணம் வேறு வகை. நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்த பேரிடர் அது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி எல்லாம் வந்தன. ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் கொடுத்ததில் பாதி கடன், பாதி மானியம். சாலை, துறைமுகம், குடிநீர் என்று பல வேலை அதில் நடந்தது. அதனால் நம் பக்கத்துச் சனங்களுக்குப் பேரிடர் என்றால் வெளியிலிருந்து யாராவது வருவார்கள் என்ற நினைப்பு ஊறிவிட்டது. கஜாவில்தான் அது போனது.

2018 நவம்பர் 16 விடியற்காலம் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. காற்று நூறு கிலோமீட்டருக்கு மேல். நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் கரண்ட் கம்பம் சாய்ந்தது. எங்கள் ஊர் வேதாரண்யம் வட்டத்தில் இருக்கிறது. நிலத்துத் தண்ணி உப்பு. குழாயில் வருவதுதான் குடிக்க ஆகும். கரண்ட் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் டேங்க் ஏறாது. விளக்கில்லாமல் இருந்ததைப் பற்றி ஆம்பளைங்க பேசுவாங்க. நமக்கு அது தண்ணிப் பஞ்சம்.

முதல் எட்டு நாள் டேங்க் ஏற்றினது எங்கள் பணம். ஆறு குழுக்களும் சேர்ந்து வீட்டுக்கு 100 ரூபாய் போட்டு, குறைந்ததற்குக் குழுச் சேமிப்பிலிருந்து எடுத்து, டிராக்டரில் வைத்த ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்தோம். ஒன்பதாம் நாள்தான் ஊராட்சி சார்பில் ஜெனரேட்டர் வந்தது. கேரளாவிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் கரண்ட் வேலைக்காரர்கள் வந்து வயல் சேற்றில் தோளில் கம்பம் தூக்கினார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 27 நாள் ஆனது. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம்.

அந்த நேரத்தில் நம் ஊராட்சிகளில் தலைவரும் கிடையாது, வார்டு மெம்பரும் கிடையாது. 2016-ல் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. தனி அலுவலர் ஒருவர் பல ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு, மாடு, மரம் கணக்கெடுக்க ஆள் வந்தார்கள். பொதுச் சொத்தைக் கணக்கெடுக்கிறவரோ மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டார். உள்ளே இருக்கிற குடியிருப்பில் என்ன உடைந்தது என்று சொல்ல ஒரு மெம்பர் இல்லை.

அதனால் நாங்களே ஒரு நோட்டில் எழுதினோம். அடிபம்பு ஏழு, அதில் மேடை உடைந்தது மூன்று, குழாய் முறிந்தது ஒன்று. டேங்க் நிற்கிறது, ஆனால் மரம் விழுந்து இறக்கும் குழாய் உடைந்திருக்கிறது. பால்வாடி ஓடு போயிருக்கிறது. துணை சுகாதார நிலையத்தில் ஊசி மருந்து வைக்கிற பெட்டிக்குக் கரண்ட் இல்லை. எங்கள் மகளிர் குழுக் கட்டடத்தின் கூரை இல்லவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் எந்தத் தெரு, எத்தனை வீடு அதை நம்பி இருக்கிறது என்று எழுதி, குழு முத்திரை போட்டு மனுவாகக் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் ‘பட்டியல் போயாச்சும்மா’ என்றார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் போக மாட்டோம் என்று உட்கார்ந்தோம். துணைப் பட்டியல் ஒன்று போனது.

அப்போது நடப்பில் இருந்தது 2015-ல் மத்திய உள்துறை வெளியிட்ட விதிமுறை. அதில் பொதுச் சேவைகளை உடனடியாகச் சரி செய்ய ஒரு பகுதி இருக்கிறது. சேதமான குடிநீர் அமைப்பு ஒன்றுக்கு 1.50 லட்சம் ரூபாய் வரை, தொடக்கப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அதே 1.50 லட்சம் வரை. கரண்ட் கம்பம் ஒன்றுக்கு 4,000 ரூபாய் வரை, கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 50,000. ஊராட்சி அலுவலகம், அங்கன்வாடி, சமுதாயக்கூடம் என்று ஒரு வரி வருகிறது, அதற்கு 2 லட்சம் வரை. அந்த வரியில் மகளிர் மன்றம் என்றும் இருக்கிறது! படித்துக் காட்டியபோது யாரும் நம்பவில்லை. அடிபம்பு மேடை கூடப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அவசரக் குடிநீர் கொடுக்கும் செலவும் இந்த நிதியில் சேரும். 2022-ல் தொகைகளை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

இதெல்லாம் பழுது பார்க்கத்தான், புதிதாகக் கட்ட அல்ல. எண்ணிக்கைக்குத்தான் பணம் என்பதால் பட்டியலில் ஏறாத பம்புக்குக் காசு வராது. இன்னொன்று, மன்றமோ கூடமோ ஊராட்சிக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும். எங்கள் கட்டடம் விழுந்தது இங்கேதான். ஒரு பெரியவர் வாய்ப்பேச்சில் விட்டுக்கொடுத்த பட்டா இடத்தில் அதைக் கட்டியிருந்தோம். பம்பு மேடைகளும் டேங்க் குழாயும் பொங்கலுக்குள் சரியாயின. பால்வாடிக்கு அடுத்த வருஷம் ஓடு மாற்றினார்கள். எங்கள் கட்டடத்துக்கு ஒரு ரூபாய் வரவில்லை, இரண்டு வருஷம் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டோம்.

மேலே என்ன நடந்தது என்றால், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி டெல்லி போய் சுமார் 15,000 கோடி கேட்டார். டிசம்பர் தொடக்கத்தில் மத்திய அரசு 353.70 கோடி கொடுத்தது. வருஷக் கடைசி நாளில் தேசிய நிதியிலிருந்து 1,146.12 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. கேட்டதற்கும் வந்ததற்கும் உள்ள தூரத்துக்கு ஒரு காரணம் இந்த விதிமுறைதான். மாநிலம் மொத்த இழப்பைக் கேட்கிறது, மத்திய அரசு விதிமுறையில் உள்ள இனத்துக்கு, அதில் உள்ள தொகைக்குத்தான் கணக்குப் போடுகிறது. இந்த முறை நியாயமில்லை என்பது என் எண்ணம். புதிதாகக் கட்ட வேண்டிய டேங்கைப் பழுது பார்க்கும் காசில் எப்படிக் கட்டுவது? பதினைந்தாவது நிதிக்குழு இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறது. 2021-லிருந்து பேரிடர் பணத்தில் 30 சதவீதம் மீட்டெடுக்கவும் திரும்பக் கட்டவும் என்று தனியாகப் பிரித்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு, வருமுன் தடுக்கும் வேலைக்கு.

இப்போது எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் ஒரு பதிவேடு இருக்கிறது. பம்பு, டேங்க், பால்வாடி, கம்பம் எல்லாவற்றுக்கும் நல்ல நிலையில் இருக்கும்போதே எடுத்த போட்டோ ஒட்டி, ஐப்பசி பிறப்பதற்கு முன் வருஷா வருஷம் சரிபார்க்கிறோம். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன்கள் இரண்டு பேரிடமும் பேசி, ஒத்துக்கொள்ள வைத்து, போன ஆடிக்குப் பிறகு அந்த மூன்று சென்ட் இடத்தை ஊராட்சிப் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதி வாங்கியாயிற்று. கட்டடம் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. நகல் பீரோவில் இருக்கிறது.